கதவில் ஒட்டிய சம்மன்

மஞ்சப்பையைக் கவிழ்த்து என் மேசையில் கொட்டினார். ரேஷன் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, இறந்துபோன கணவரின் ஆஸ்பத்திரிச் சீட்டு, யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. அதற்குள் நான்காக மடித்த கோர்ட்டுக் காகிதம் ஒன்று.

"கோர்ட்டு ஊழியர் அமீனா வந்து குடுத்துட்டுப் போனாரு வக்கீலம்மா. ஜெயில்ல போட்ருவாங்களா?"

(ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அது நிறைவேற்று மனு. வழக்கு முடிந்து, தீர்ப்பாகி, பணம் வசூலிக்கும் கட்டத்துக்கு வந்தாயிற்று. அவருக்கோ வழக்குப் போட்டதே தெரியாது. தை கழித்துச் செங்கல் சூளைக்குப் போனவர் ஆடிக்குத்தான் ஊர் திரும்பினார். அதற்கிடையில் சம்மன் வந்திருக்கிறது. வீடு பூட்டிக் கிடந்ததால் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. "வந்து பாத்தப்ப கதவுல பசைத்தடம் இருந்துச்சு. எலெக்‌ஷன் நோட்டீஸுன்னு நெனச்சேன்" என்றார். வாய்தா அன்று பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆள் இல்லை. ஒரு தரப்பு வராமலே சொல்லப்படும் தீர்ப்பு, அதாவது எக்ஸ்பார்ட்டி டிக்ரி.

மகள் படிப்புக்காகக் கடன் வாங்கியது 20,000 ரூபாய். எதுவும் எழுதாத புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வட்டியும் முதலுமாகக் கட்டி முடித்ததாகச் சொல்கிறார். ரசீது கிடையாது, நோட்டைத் திருப்பி வாங்கவும் இல்லை. டிக்ரி ஆனது ஒன்றரை லட்சத்துக்கு. கையெழுத்து நம்முடையதென்று ஆகிவிட்டால் பணம் கைமாறியதாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது நம் பாடு. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற கெடு இருக்கிறது. ஆனால் தேதி எழுதாத நோட்டுக்கு எந்தக் கெடு?

கிரிமினல் வழக்கில் வக்கீல் வைக்க வழியில்லாமல் ஒருவர் கூண்டில் நின்றால் கோர்ட்டே கேட்கும், ஒரு வக்கீலை ஏற்பாடு செய்யும். சிவில் வழக்கில் வராதவர் தோற்றவர், அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று தேடி யாரும் சூளைக்குப் போகப்போவதில்லை. என்னிடம் வரும் ஏழைகளில் பெரும்பாலோர் வாதத்தில் தோற்றவர்கள் அல்ல. வாயைத் திறக்கும் முன்பே தோற்றவர்கள். தங்களுக்கு வந்திருப்பது சட்டப் பிரச்சினை என்றே அவர்கள் நினைப்பதில்லை. கடன் தொல்லை என்பார்கள், தாலுகா ஆபீஸ் அலைச்சல் என்பார்கள், மாமியார் வீட்டுச் சண்டை என்பார்கள்.

அந்த ஆஸ்பத்திரிச் சீட்டும் அப்படித்தான். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது, இறப்பைப் பதிவே செய்யவில்லை. 21 நாளுக்குள் சொல்லியிருந்தால் செலவில்லாமல் முடிந்திருக்கும். ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டும். இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் வங்கியில் கிடக்கும் கணவரின் சேமிப்பும் இல்லை, பட்டாவில் பெயர் மாற்றமும் இல்லை. ஒரு சீட்டு விட்டுப்போனதில் நான்கு கதவு மூடிக்கொண்டது.

ஜெயில் பயத்தைத்தான் முதலில் போக்கினேன். பணம் கட்டாததற்காகச் சிவில் டிக்ரியில் பெண்ணைக் கைது செய்யவே முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 56-வது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆணாக இருந்தாலும், வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் ஏய்த்தால்தான் சிறை. 60-வது பிரிவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. சமையல் பாத்திரம், உடுத்தும் துணி, படுக்கை, தொழில் செய்பவரின் கருவி, கூலித் தொழிலாளி குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவற்றை இப்படிப்பட்ட கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாது. "வீட்டை ஏலம் விட்ருவோம்" என்று வாசலில் நின்று சத்தம் போடுபவருக்கும் இது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து கெடு. எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்ய மனுப் போட 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் டிக்ரி தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அமீனா வந்து போய் இவர் என்னிடம் வந்தது 52-வது நாள். "கையில் காசு சேரட்டும்னு இருந்தேன்" என்றார். அந்தக் காசு தேவையே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் அங்கே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

இதையெல்லாம் முகாம் போட்டுச் சொல்கிறோமே என்று என் சகாக்கள் கேட்பார்கள். நானும் முகாம்களில் பேசியவள்தான். மைக்கில் அரை மணி நேரம் சட்டம் சொல்லி, துண்டுப் பிரசுரம் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் "பையில என்ன காகிதம் வச்சிருக்கீங்க, எடுங்க பாப்போம்" என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பேச்சு ஐந்து நிமிடம், மீதி நேரமெல்லாம் காகிதம் படிப்பது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இலவச வழக்குக்குக் கிடைக்கும் ஊதியம் குறைவு என்பதால் அதைக் கடைசியில் தள்ளிவைக்கும் வக்கீல்கள் உண்டு. உங்கள் வக்கீல் அப்படி நடந்துகொண்டாலோ தனியாகப் பணம் கேட்டாலோ குழுவிடமே சொல்லி வேறு ஆள் கேட்கலாம்.

வழக்கு என்ன ஆனது? தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட்டோம். எதிர்த்தரப்பு கடுமையாக ஆட்சேபித்தது. டிக்ரி தொகையில் ஒரு பகுதியை முதலில் கட்டினால்தான் வழக்கைத் திரும்ப நடத்த முடியும் என்ற நிலை வரக்கூடும் என்று சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. கடைசியில் சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் 40,000 என்று பேசி முடித்தோம், மாதம் 2,000. அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது என்று விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். கட்டி முடித்ததாகச் சொல்லும் கடனை மறுபடி கட்டுகிறார். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒவ்வொரு மாதமும் ரசீதைப் போட்டோ எடுத்து மகள் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன மாதத்து ரசீது தலைகீழாக வந்தது. தேதியும் தொகையும் கையெழுத்தும் சரியாக இருந்தன.