பேட்டரியின் சூடு கன்ட்ரோலருக்குத் தெரிய வேண்டும்

ஜூன் பள்ளி விடுமுறைக்கு முன்னும் பின்னும் என் பட்டறையில் வேன் வேலை கூடும். கூரையில் சோலார் தகடு வைத்த வேன்கள் சிங்கப்பூரில் குறைவுதான். வைத்திருப்பவர்கள் பாலம் தாண்டிப் போய், மலேசியாவின் மெர்சிங் பக்கம் பிளக் பாயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு மூன்று இரவு தங்குகிறார்கள். திரும்பி வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, பகல் முழுக்க நல்ல வெயில். ராத்திரி ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு. பேட்டரி போயிடுச்சா?"

அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்காதீர்கள். முதலில் கன்ட்ரோலரை, அதாவது சோலார் தகட்டிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் பெட்டியைப் பார்ப்போம்.

அண்மையில் வந்த ஒரு வேனில் ஏஜிஎம் பேட்டரி (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஈய பேட்டரி) இருக்கைக்கு அடியில் இருந்தது. கன்ட்ரோலரோ கூரையை ஒட்டிய அலமாரியில். மதியம் அலமாரிக்குள் 50 டிகிரி, பேட்டரிமேல் 32. சூடு ஏற ஏற, ஈய பேட்டரிக்குத் தரும் வோல்ட்டைக் கன்ட்ரோலர் குறைக்கும். அது சரியான ஏற்பாடு. ஆனால் இது தன் சூட்டையே பேட்டரியின் சூடு என்று எண்ணிக்கொண்டது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 18 மில்லிவோல்ட் குறைத்ததில், 25 டிகிரியில் 14.4 வோல்ட் என்ற அளவு 13.95 ஆகக் குறைந்துபோனது. பேட்டரியின் உண்மையான 32 டிகிரிக்கு 14.27 போயிருக்க வேண்டும். தினமும் அரைகுறையாக ஏறினால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி மெல்லச் சாகும். பேட்டரியில் ஒட்ட வேண்டிய வெப்ப உணரி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கன்ட்ரோலர் வந்த பெட்டியிலேயே கிடந்தது! அதை எடுத்து பேட்டரியில் ஒட்டினேன், அவ்வளவுதான் வேலை.

லித்தியத்துக்கு மாறியவர்களுக்கு இந்த வெப்பத் திருத்தமே வேண்டாம், அணைத்துவிடுங்கள். சார்ஜ் 14.2 முதல் 14.4 வோல்ட், பேட்டரி நிரம்பிய பிறகு தரும் ஃப்ளோட் 13.5 போதும். ஈக்வலைஸ், அதாவது வேண்டுமென்றே வோல்ட்டைக் கூட்டி ஏற்றுவது, கண்டிப்பாகக் கூடாது. பழைய ஈய பேட்டரி அமைப்பை அப்படியே விட்டால் வோல்ட் 14.6ஐத் தாண்டும்போது பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று சார்ஜைத் துண்டிக்கும். நட்ட நடு மதியத்தில், வெயில் கொளுத்தும்போது, ஒன்றும் ஏறாது.

தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு மட்டும்தான் ஈக்வலைஸ். அப்போது ஹைட்ரஜன் வாயு வரும். பிள்ளைகள் படுத்திருக்கும் வேனுக்குள் அதைச் செய்யவே செய்யாதீர்கள். வீடு திரும்பிய பிறகு, வேனைத் திறந்த வெளியில் நிறுத்தி, உள்ளே யாரும் இல்லாதபோது, வேன் கதவையெல்லாம் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

அப்புறம், இரவில் பேட்டரி எந்த வோல்ட்டுக்கு இறங்கினால் மின்சாரத்தை நிறுத்துவது என்ற வெட்டு வோல்ட். பல கன்ட்ரோலர்கள் 11.1இல்தான் லோடை, அதாவது தன் வழியாக ஓடும் விளக்கு, ஃபிரிட்ஜ் போன்றவற்றை நிறுத்தும். அதற்குள் ஈய பேட்டரி கிட்டத்தட்டக் காலியாகியிருக்கும். 12.0 வைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜை நேரே பேட்டரியில் மாட்டியிருந்தால் கன்ட்ரோலரால் அதை நிறுத்த முடியாது. ஃபிரிட்ஜிலேயே உள்ள பேட்டரி பாதுகாப்பை 'ஹை'யில் வையுங்கள்.

முகாமில் ஒயரைக் கழற்ற நேர்ந்தால் முதலில் சோலார் தகடு, பிறகு பேட்டரி. மாட்டும்போது பேட்டரிதான் முதலில்.