3 டிபி டிஸ்க்கை 746 ஜிபி என்று காட்டிய கணினி

ஒரு பழைய மேசைக் கணினியில் புது 3 டிபி ஹார்டு டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தேன். டிஸ்க் சுழன்றது, விண்டோஸும் அதைக் கண்டுகொண்டது. கொள்ளளவு மட்டும் 746 ஜிபி என்று காட்டியது. போலி டிஸ்க்கை வாங்கி ஏமாந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில், டிஸ்க் மேல் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது. கணினிக்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஹார்டு டிஸ்க்கின் பரப்பு சின்னச் சின்ன செக்டர்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு செக்டருக்கு 512 பைட் என்பது நெடுநாள் வழக்கம். ஒவ்வொன்றுக்கும் வரிசையாக ஓர் எண் உண்டு. கோப்பின் பெயரெல்லாம் டிஸ்க்குக்குத் தெரியாது. "இத்தனையாம் எண் செக்டரைக் கொடு" என்று கணினி கேட்டால் எடுத்துக் கொடுக்கும். அந்த எண்ணை எழுத எத்தனை பிட் (0 அல்லது 1 எனும் இலக்கம்) ஒதுக்கி வைத்தார்கள் என்பதில்தான் வம்பே வருகிறது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99,999ஐத் தாண்டியதும் 00,000க்குத் திரும்பிவிடுமே, அதே கதை.

என் கணினியில் டிஸ்க்கைக் கையாண்ட டிரைவர் மென்பொருள் பழையது, 32 பிட் வரைக்கும்தான் அதற்கு எண்ணத் தெரியும். 32 பிட்டில் 429 கோடிச் சொச்சம் எண்கள் அடங்கும். 512ஆல் பெருக்கினால் 2,19,902 கோடி பைட், அதாவது 2.2 டிபி. டிஸ்க்கில் இருப்பதோ 3,00,059 கோடி பைட். மீட்டர் ஒரு சுற்று முடிந்து பூஜ்யத்துக்கு வந்து, மிச்சமிருந்த 80,157 கோடியை மட்டும் காட்டியிருக்கிறது. அதை விண்டோஸ் ஜிபியாக்குவதுபோல 1024ஆல் மூன்று முறை வகுத்தால் அச்சாக 746.

குறைத்துக் காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. இதற்கு முந்தைய தலைமுறைக் கணினிகளில் எண்ணுக்கு 28 பிட்தான். எல்லை 137 ஜிபி. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதலில் இந்த எல்லையோடுதான் வெளியானது. அடுத்த ஆண்டு வந்த முதல் சர்வீஸ் பேக் எனும் திருத்தத் தொகுப்பில்தான் 48 பிட் எண் சேர்ந்தது. கணினியின் ஒரு பகுதிக்கு 48 பிட் தெரிந்து, இன்னொரு பகுதிக்கு 28தான் தெரியும் என்றால் ஆபத்து. டிஸ்க் 137 ஜிபி நிறையும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அடுத்து எழுதப்போகும் செக்டரின் எண் சுற்றிப் பூஜ்யத்துக்கு வரும். புதுப் படம் போய் டிஸ்க்கின் தொடக்கத்தில், டிஸ்க் எப்படிப் பகுதி பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் பட்டியல் இருக்கும் இடத்தில், உட்கார்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் நன்றாக ஓடிய டிஸ்க் ஒரு நாள் காலையில் காலியாகத் தெரியும்.

டிரைவரைப் புதுப்பித்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. எம்பிஆர் எனும் பழைய பார்ட்டிஷன் முறை, ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்தையும் நீளத்தையும் 32 பிட்டில்தான் குறித்துவைக்கும். 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த முறை அது. அப்போது ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் இருந்த டிஸ்க் 10 எம்பி. அதைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கு இடம் விட்டு வைத்தவர்களை யாரும் கஞ்சர்கள் என்று சொல்ல முடியாது. பெரிய டிஸ்க்குக்கு 64 பிட் எண்ணும் ஜிபிடி முறைதான் வேண்டும். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடியைப் படிக்கவே தெரியாது. அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து படிக்கலாம், ஆனால் ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளாகப் பழைய பயாஸ் உள்ள கணினியில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் கிளம்பாது. அதனால் விண்டோஸைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிட்டு, புதியதைச் சேமிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

கேபிள் விஷயம் இதைவிட எளிது. அகலப் பட்டையாக 40 பின்னோடு இருந்தால் அது ஐடிஇ. 7 தொடுமுனையோடு ஒல்லியாக இருந்தால் சாட்டா. ஐடிஇ ஒரே நேரத்தில் 16 பிட்டை அருகருகே அனுப்பும். வேகம் கூடக் கூட, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளில் கிளம்பிய பிட்டுகள் ஒரே கணத்தில் போய்ச் சேர்வதில்லை. நொடிக்கு 133 எம்பியோடு அந்த வழி முடிந்துபோனது. சாட்டா ஒற்றை வரிசையில், ஆனால் அசுர வேகத்தில் அனுப்புகிறது. முதல் சாட்டா நொடிக்கு 150 எம்பி, பிறகு 300, இப்போது 600. புது டிஸ்க்கும் பழைய போர்டும் பேசி வைத்துக்கொண்டு இருவருக்கும் தெரிந்த வேகத்தில் ஓடும். முதல் தலைமுறை சிப்கள் சிலவற்றுக்கு இந்தப் பேச்சுவார்த்தை வராது. அதற்காகவே, சின்ன மூடி மாட்டி இணைத்தால் வேகத்தைக் குறைக்கும் ஜம்பர் பின்கள் சில டிஸ்க்குகளின் பின்பக்கம் இருக்கும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது பவர்தான். வேறொரு சமயம் இன்னும் பெரிய டிஸ்க் ஒன்றை மாட்டினேன். சத்தமே இல்லை. கையை வைத்துப் பார்த்தால் அதிர்வும் இல்லை. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், பலன் இல்லை. காரணம் பவர் இணைப்பின் 15 தொடுமுனைகளில் மூன்றாவது. முதல் மூன்றும் ஆதியில் 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. பெரும்பாலான டிஸ்க்குகள் அதைத் தொடுவதே இல்லை. 2016இல் வந்த சாட்டாவின் 3.3 எனும் பதிப்பு அந்த மூன்றாவதற்குப் புது வேலை கொடுத்தது: அதில் மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான டிஸ்க்குகள் இருக்கும் டேட்டா சென்டரில் தொங்கிப்போன ஒன்றை உட்கார்ந்த இடத்திலிருந்தே அணைத்து எழுப்ப இது வசதி. பழைய பவர் சப்ளைக்கு இந்தச் சேதி போய்ச் சேரவில்லை. வழக்கம்போல 3.3 வோல்ட்டை விடாமல் கொடுக்கிறது. அணைந்தே இரு என்பதாக டிஸ்க் அதைப் புரிந்துகொள்கிறது.

பழைய நாலு பின் பிளக்கில் 5, 12 வோல்ட் மட்டும்தான் வரும். அதிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளைப் போட்டதும் டிஸ்க் உயிர் பெற்றது. மொத்தமாக பிளாஸ்டிக் வார்த்து மூடிய மாற்றி கேபிள்களை மட்டும் நான் தொடமாட்டேன். உள்ளே கம்பிகள் உரசிக் கருகியவை உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகப் பொருத்தியிருப்பது கண்ணுக்குத் தெரிகிற ரகம் மேல்.

எக்ஸ்பியை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய டிஸ்க்குகள் பெரும்பாலும் உள்ளுக்குள் 4096 பைட் செக்டரை வைத்துக்கொண்டு, வெளியே 512 என்று சொல்லிக்கொள்கின்றன. எக்ஸ்பி பார்ட்டிஷனை 63ஆம் செக்டரில் தொடங்கும். ஒரு பெரிய செக்டரில் எட்டு 512கள் அடங்கும், 63 எட்டால் வகுபடாது. எழுதும் ஒவ்வொரு துண்டும் இரண்டு பெரிய செக்டர்களின் மேல் கால் பரப்பி நிற்கும். பெரிய செக்டரைப் படித்து, பாதியைத் திருத்தி, திரும்ப எழுத வேண்டும். திரும்ப எழுத அந்த இடம் மறுபடி, படித்து எழுதும் தலைக்குக் கீழே வர ஒரு முழுச் சுற்று ஆகும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க்கில் அது 8.3 மில்லிசெகண்ட். டிஸ்க் மந்தமாக இருக்கிறதே என்று புலம்புவதற்கு முன், பார்ட்டிஷன் எட்டால் வகுபடும் 2048ஆம் செக்டரில் தொடங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அந்த 3 டிபிக்கு வருவோம். டிரைவரைப் புதுப்பித்து, ஜிபிடியாக மாற்றியதும் 2794 ஜிபி என்று காட்டியது. 206 ஜிபி குறைகிறதே என்று ஒரு கணம் திக்கென்றது. டிஸ்க்கைச் செய்தவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. இரண்டும் ஒரே டிஸ்க்தான். ஃபார்மட்டைத் தட்டிவிட்டு மூடியை மாட்டினேன்.