சட்ஜம் இடம் பெயரும்போது கறுப்புக் கட்டை ஏன் வருகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர், பாடுபவர் வாய் திறப்பதற்கு முன்பே "எத்தனை கட்டை?" என்று கேட்டுக்கொள்வார். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு என்பார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை என்பார்கள். வெள்ளைக் கட்டைகளில் சி ஒன்று, டி இரண்டு எனத் தொடங்கி பி ஏழில் முடியும், இடையிலுள்ள கறுப்புக் கட்டையை அரை என எண்ணும் இந்தக் கணக்கை அறிந்தவருக்கு, மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளை மிரட்டுகிற மேஜர் ஸ்கேலும் கீ சிக்னேச்சரும் பாதி தெரிந்த விஷயங்களே.

கடைவீதி மாடியில் நான் நடத்தும் கீபோர்டு வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஒரு கட்டையில் ச ரி க ம ப த நி ச என்று வெள்ளைக் கட்டைகளை மட்டும் தொட்டுச் சங்கராபரண ராகத்தைச் சரியாக வாசித்தாள். அம்மா பாடுவது ஐந்து கட்டை என்பதால் விரலை ஜி-க்கு நகர்த்தி, மறுபடியும் வெள்ளைக் கட்டைகளிலேயே ஏறினாள். ஏழாவது கட்டையில் விரல் நின்றது. "மேல் ச-வுக்கு முந்தினது இடிக்குது, மாஸ்டர்" என்றாள். அவள் காது பொய் சொல்லவில்லை. அவள் வாசித்தது அரிகாம்போதி ராகம்.

அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தை, கறுப்பு வெள்ளை பாராமல், அரைத் தொனி என்கிறோம். அது இரண்டு சேர்ந்தால் முழுத் தொனி. முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்ற வரிசையில் ஏறுவதுதான் மேஜர் ஸ்கேல். ஈ-க்கும் எஃப்-க்கும் இடையிலும், பி-க்கும் மேல் சி-க்கும் இடையிலும் கறுப்புக் கட்டை இல்லாததால், சி-யில் தொடங்கினால் இரண்டு அரைத் தொனிகளும் தாமாகவே உரிய இடத்தில் விழுகின்றன. ஜி-யில் தொடங்கும்போது முதல் ஐந்து ஏற்றங்கள் சரியாகவே அமைகின்றன. ஆறாவதாக முழுத் தொனி ஏற வேண்டிய இடத்தில்தான் எஃப் அரைத் தொனி மட்டும் ஏறி நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள கறுப்புக் கட்டையைத் தொட்டால், வினாடிக்கு 349.2 ஆக இருந்த அதிர்வு 370 ஆகி, காகலி நிஷாதம் எனும் உயர்ந்த நி கிடைக்கிறது, சங்கராபரணம் திரும்புகிறது. அந்தக் கட்டையை ஜி ஃபிளாட் (அரைத் தொனி இறங்கிய ஜி) என்னாமல் எஃப் ஷார்ப் (அரைத் தொனி ஏறிய எஃப்) என்பதற்குக் காரணம், ஸ்கேலில் ஏழு எழுத்துகளும் ஆளுக்கு ஒரு முறை வந்தாக வேண்டும் என்பதே.

நம் சுரக்குறிப்பில் இந்தத் தொல்லை இல்லை. ச, ரி, க என்பவை உறவுப் பெயர்கள். சட்ஜம், அதாவது ச, எங்கே போனாலும் மற்றவை அதைப் பின்தொடரும். மேற்கத்திய ஐந்து கோட்டுத் தாளிலோ ஒவ்வொரு கோடும் இடைவெளியும் குறிப்பிட்ட ஓர் எழுத்துக்குரியது. சட்ஜம் நகரும்போது எந்த எழுத்து ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று அங்கே சொல்லியாக வேண்டும். அதை ஒவ்வொரு சுரத்தின் பக்கத்திலும் எழுதாமல், வரியின் தொடக்கத்திலேயே ஒரு முறை எழுதிவைப்பதுதான் கீ சிக்னேச்சர். அங்கே எஃப் கோட்டில் ஒரு ஷார்ப் இருந்தால், அந்த வரியில் எந்த ஸ்தாயியில் எஃப் வந்தாலும் அது எஃப் ஷார்ப்.

ஒரு கட்டையிலிருந்து ஐந்துக்கு மாற ஒரே ஒரு சுரம் மாறினால் போதும் என்பதைத்தான் நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக் காட்டுவேன், ஏனெனில் மற்றதெல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது. ச ரி க ம என்ற முன்பாதியும் ப த நி ச என்ற பின்பாதியும் முழு, முழு, அரை என்ற ஒரே அமைப்பு உடையவை. பஞ்சமத்தை, அதாவது ப-வை, புதிய சட்ஜமாக்கும்போது பழைய பின்பாதி அப்படியே புதிய முன்பாதியாகிவிடுகிறது. புதிய பின்பாதியில் நிஷாதத்தை மட்டும் அரைத் தொனி உயர்த்தினால் வேலை முடிந்தது. பழந்தமிழிசை குரல், இளி என்று பெயரிட்ட உறவும் இந்தச் சட்ஜ பஞ்சம உறவுதான். இப்படியே ஒவ்வொரு பஞ்சமமாகத் தாவினால் ஒன்று, ஐந்து, இரண்டு, ஆறு, மூன்று, ஏழு, நாலரை என்று கட்டைகள் வர, ஷார்ப்புகள் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஒவ்வொன்றாகக் கூடும். கூடும் வரிசை எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ என்பது. அதுவும் பஞ்சமப் பாய்ச்சலே. கடைசியாகச் சேர்ந்த ஷார்ப் எப்போதும் நிஷாதம் என்பதால், அதற்கு அரைத் தொனி மேலே சட்ஜத்தைக் கண்டுகொள்ளலாம்.

மத்யமத்தை, அதாவது ம-வை, சட்ஜமாக்கினால் கதை எதிர்த்திசையில் நடக்கும். நாலு கட்டையில் வெள்ளைகளை மட்டும் வாசித்தால் மத்யமம் ஏறிப்போய்க் கல்யாணி ராகம் வந்துவிடும். பி-யை ஃபிளாட்டாக இறக்கினால் சுத்த மத்யமமும் சங்கராபரணமும் மீளும். அடுத்தடுத்த ஃபிளாட்டுகள் பி, ஈ, ஏ, டி என்று சேர்கின்றன. கடைசியாகச் சேரும் ஃபிளாட் மத்யமம். அதற்கு முந்தைய ஃபிளாட் சட்ஜம்.

அந்த மாணவிக்குப் பிறகு ஒரு நாள் மூன்று ஃபிளாட் உள்ள தாளைக் கொடுத்தேன். ஒரே சிக்னேச்சரை மைனர் எனும் இன்னொரு வகை ஸ்கேலும் பகிர்ந்துகொள்வதால், மூன்று ஃபிளாட் சி மைனராகவும் இருக்கலாம். அதனால் பாட்டு எந்தச் சுரத்தில் வந்து அமைகிறது என்பதையும் பார்க்கச் சொன்னேன். அவள் கடைசி வரியைப் பார்த்தாள். பி, ஈ, ஏ என்று எண்ணி, நடுவிலிருந்த ஈ ஃபிளாட்டில் விரலை வைத்து, "ரெண்டரைக் கட்டை, மாஸ்டர்" என்றாள்.