மனோரா மாதிரிக் கட்டடங்களுக்குச் சிமெண்ட் ஆகாது

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா என்ற நினைவுக் கோபுரம், மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கிறது. அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, சுமார் 75 அடி உயரம். மேலே போகப் போக ஒடுங்கும். சுற்றிலும் மதிலும் அகழியும் உண்டு.

வாட்டர்லூவில் நெப்போலியன் போனபார்ட்டை ஆங்கிலேயர் தரப்பு வென்றதன் நினைவாகக் கட்டியது என்றே பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அங்குள்ள கல்வெட்டில் இருக்கும் ஆண்டு 1814. வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூனில். நெப்போலியன் முதல் முறை முடி துறந்தது 1814 ஏப்ரலில். கல்வெட்டு சொல்லும் போனபார்ட்டின் வீழ்ச்சி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகத்தையே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்த மன்னர், அதே ஆங்கிலேயரின் வெற்றிக்குத் தூண் எழுப்பியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, கட்டடத்துக்கு வருவோம். அந்தக் காலத்து வேலை செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கடலோரத்தில் இதற்கு முதல் எதிரி உப்பு. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுவரில் இருக்கும் உப்பு தானாகவே கரையும். வெயில் ஏறினால் மறுபடி படிகமாகும். படிகம் வளரும்போது செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்துளைகளை நெட்டித் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடுவதால் உப்பும் பூச்சுக்கே வந்து படிகமாகப் பூக்கிறது. பூச்சு உதிரும், செங்கல் தப்பிக்கும்.

கடலோரப் பழைய கட்டடங்களில் வேலை செய்யும்போது நான் அடிக்கடி கேட்பது, "சுண்ணாம்பு உதிருதே சார், சிமெண்ட் பூசிடலாமே" என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். உதிர வேண்டியது பூச்சுதான். சில வருடங்களுக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும், உப்பு செங்கல்லுக்குள் படிகமாகும். வெளியே சுவர் பளிச்சென்று இருக்கும். தட்டிப் பார்த்தால் பொள்ளலாகச் சத்தம் வரும், பெயர்த்தால் செங்கல் மாவாகக் கொட்டும்.

சுவரில் பெயர் கிறுக்குவதும் லேசான விஷயமில்லை. கீறிய இடத்தில் பூச்சின் மேல்தோல் போய், ஈரமும் உப்பும் சுலபமாக உள்ளே இறங்கும்.

உங்கள் ஊர்ப் பழைய கட்டடத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்தால், கலவையில் சிமெண்ட் சேர்க்கிறார்களா, எந்த மணல், எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். கடற்கரை மணலோ உப்புத் தண்ணீரோ கலந்தால் சுண்ணாம்பாலும் பயனில்லை. பூசிய பிறகு ஈரச்சாக்குப் போட்டு மெதுவாகக் காயவிடுகிறார்களா என்றும் பாருங்கள். கடற்காற்றில் அவசரமாகக் காய்ந்த பூச்சு வெடித்துவிடும்.