ஹீமோகுளோபின் நார்மல், ஆனாலும் ஏன் இவ்வளவு அசதி?

ஊட்டச்சத்து ஆலோசனைக்கு என்னிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் தங்களுக்காக வருவதில்லை. குழந்தை சாப்பிட மறுக்கிறது, கணவருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, மகளுக்கு எடை ஏறவில்லை என்றுதான் பேச்சு தொடங்கும். எல்லாம் பேசி முடித்த பிறகு, "உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "எனக்கென்ன மேடம், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்" என்பார்கள். விடாமல் கேட்டால் ஒவ்வொன்றாக வெளியே வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மதியத்துக்கு மேல் கண் சொக்குகிறது. சீப்பில் முடி கொத்தாக வருகிறது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. ராத்திரி படுத்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

ரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்றால், பலர் செய்திருப்பார்கள். "ஹீமோகுளோபின் நார்மல்னு சொல்லிட்டாங்க" என்பதோடு விஷயம் முடிந்திருக்கும். வேலை அதிகம், வயதாகிறது, குழந்தை பெற்ற உடம்பு என்று தாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அப்படியே இருந்துவிடுவார்கள். அங்கே முடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹீமோகுளோபின் என்பது ரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருந்துகொண்டு ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். அந்தப் புரதத்தை உருவாக்க இரும்புச்சத்து வேண்டும். உடம்பு தன்னிடமுள்ள இரும்பின் ஒரு பகுதியைக் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேர்த்து வைத்திருக்கும். வரவு குறையும்போது முதலில் கரைவது இந்தச் சேமிப்புதான். அது காலியாகும்வரை ஹீமோகுளோபின் பெரிதாக இறங்காது. மாதாமாதம் சேமிப்பை உடைத்து வீட்டுச் செலவைச் சமாளிப்பது போலத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குடும்பம் சரியாக ஓடுவதாகவே தெரியும். அந்தச் சேமிப்பு எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் பரிசோதனையின் பெயர் ஃபெரிட்டின். ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12.3 என்று இருக்கும், ஃபெரிட்டின் 8 என்று இருக்கும். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆகவே இந்தப் பெண்ணுக்கு ரத்தசோகை இல்லை என்பது உண்மை. இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்பதும் உண்மை. மூளைக்கும் தசைக்கும்கூட இரும்பு வேண்டும் என்பதால், ரத்தசோகை வருவதற்கு முன்பே அசதி வந்துவிடலாம்.

ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த அளவு. நடைமுறையில் பல மருத்துவர்கள் 30-க்குக் கீழே இருந்தாலே கவனிக்கத் தொடங்குகிறார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: காய்ச்சலோ தொற்றோ உடம்பில் வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும். அந்த நேரத்தில் எடுத்தால் 50, 60 என்று காட்டி ஏமாற்றிவிடும். உடம்பு தேறிய பிறகு எடுப்பது நல்லது.

சரி, இரும்பு எங்கே போகிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். தோல், குடல் வழியாக எல்லோருக்கும் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராம் இழப்பு உண்டு. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிடாயில் 30, 40 மில்லி ரத்தம் போவது சாதாரணம். 80 மில்லியைத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு என்பார்கள். அப்படிப் போகும் பெண் மாதம் 40 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பை இழக்கிறார். அன்றாட இழப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. நாம் சாப்பிடும் இரும்பில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும் என்று வைத்துக்கொண்டால், அவருக்குத் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். கர்ப்பம் வந்தால் கணக்கு இன்னும் கடினம். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாகச் சுமார் 1 கிராம் இரும்பு தேவைப்படுகிறது. பல பெண்களிடம் இருக்கும் சேமிப்பு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அடுத்தடுத்து இரண்டு குழந்தை பெற்ற ஒருவர் வருஷக்கணக்கில் சோர்ந்து இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

உதிரப்போக்கைப் பற்றி நான் "அதிகமா?" என்று மட்டும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தன்னுடையதுதான் சாதாரணம். அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான் என்றால் எதோடு ஒப்பிடுவார்? அதனால் இப்படிக் கேட்பேன்: இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? ராத்திரி அதற்காக எழுந்திருக்கிறீர்களா? கட்டி கட்டியாகப் போகிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? அந்த நாட்களில் வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன். கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருக்கலாம், ஹார்மோன் கோளாறு இருக்கலாம், ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. போகும் வழியை அடைக்காமல் எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் நிற்காது.

இன்னொரு கேள்வியும் கேட்பேன், கேட்டதும் பலருக்கு வெட்கம் வந்துவிடும். ஐஸ்கட்டி கடித்துச் சாப்பிடத் தோன்றுகிறதா? மண், சுண்ணாம்பு, சாக்பீஸ், பச்சை அரிசி? இது கெட்ட பழக்கம் இல்லை. இரும்புச்சத்துக் குறைவோடு அடிக்கடி சேர்ந்து வரும் அறிகுறி. பொதுவாக இரும்பு ஏறத் தொடங்கியதும் ஆசை தானாக அடங்கிவிடும். வீட்டில் யாராவது ஃப்ரீசரைத் திறந்து திறந்து ஐஸ் எடுத்தால் திட்டாதீர்கள், பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

உணவுக்கு வருவோம். பீட்ரூட், மாதுளை, பேரீச்சை என்று சொல்லாதவர் இல்லை. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை ஆழமாகப் பதிந்திருக்கிறது. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. பேரீச்சையில் ஏறக்குறைய 1 மில்லிகிராம். நல்ல உணவுகள்தான், தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் இரும்புக்காக இவற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதே அளவு வேகவைத்த மைசூர் பருப்பில் 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பயறு வகைகள், சோயா, எள், பூசணி விதை எல்லாம் நல்ல மூலங்கள். கீரையில் இரும்பு இருந்தாலும் அதிலுள்ள சில பொருட்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது குறைவு. இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றிலுள்ள இரும்பு வேறு வகை. 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பில் சேரும். கூடவே சாப்பிடும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பும் நன்றாக ஏற அவை உதவும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

சைவ உணவு சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம். எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எதோடு சாப்பிடுகிறோம் என்பது இங்கே முக்கியமாகிறது. சாப்பாட்டோடு ஒரு எலுமிச்சைத் துண்டு, கொய்யா, ஆரஞ்சு, தக்காளி, குடைமிளகாய் என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று இருந்தால், தாவர உணவின் இரும்பு இன்னும் நன்றாக ஏறும். பயறை ஊறவைத்து முளைகட்டினால், மாவைப் புளிக்கவைத்தால், இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறையும். புளிப்புள்ள குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் கொஞ்சம் இரும்பு கூடுதலாகச் சேரும்.

அப்புறம் டீ. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கப் டீ, அந்த வேளையில் கிடைக்க வேண்டிய தாவர இரும்பில் பாதிக்கும் மேல் தடுத்துவிடக்கூடும். காபியும் தடுக்கும். எல்லோருக்கும் சாப்பாடு கொடுத்துவிட்டு, பசி போன பிறகு, ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டுமாக வேளையை முடித்துக்கொள்ளும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்த டீ அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நேரம் என்பதும் எனக்குத் தெரியும், அதனால் நிறுத்தச் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள் என்பேன். டீயைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வைக்க வேண்டாம் என்பேன்.

சேமிப்பு காலியான பிறகு உணவால் மட்டும் நிரப்புவது பெரும்பாலும் முடியாது. மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். இங்கேதான் நிறையப் பேர் பாதியில் நிற்கிறார்கள். வயிறு எரியும், மலச்சிக்கல் வரும், மலம் கறுப்பாகப் போகும். கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயப்பட ஒன்றுமில்லை (தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்துடன் போனால் அது வேறு, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்). மற்ற தொந்தரவுகளுக்கு வழி இருக்கிறது. ஒரு வேளை இரும்பு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, ஏறக்குறைய ஒரு நாளுக்கு, அடுத்த வேளை இரும்பை உள்ளே விடாமல் குறைக்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இரும்புச்சத்து குறைந்த பெண்கள் தினமும் போடுவதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிகப் பங்கு உடம்பில் சேர்ந்தது. எனவே தாங்க முடியவில்லை என்றால் நீங்களாக நிறுத்திவிடாமல், ஒரு நாள் விட்டுப் போடலாமா, வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் நன்றாக ஏறும். முடியாவிட்டால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காதீர்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள்.

ஹீமோகுளோபின் சில வாரங்களில் ஏறத் தொடங்கும். உடம்பு தெம்பாகும், மாத்திரை டப்பா அலமாரிக்குப் போய்விடும். இது வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும். அந்த டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு சிறு குழந்தை சில மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எல்லா அசதியும் இரும்பினால் வருவதில்லை. தைராய்டு, வைட்டமின் பி12, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை இரும்புக் குறைவு போலவே தோன்றும், ஆனால் இரும்பு போதுமான அளவு இருக்கும். பரிசோதிக்காமல் கடையில் வாங்கி வருஷக்கணக்கில் சாப்பிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

தாயிடம் பற்றாக்குறை கண்டால் பிள்ளைகளையும் விசாரிப்பேன். தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்பு குழந்தைக்கு ஏறக்குறைய ஆறு மாதம்வரைதான் போதும். பிறகு தரும் முதல் உணவுகளிலேயே பருப்பு, முட்டை, இறைச்சி என்று இரும்புள்ளது ஏதாவது இருக்க வேண்டும். ஒரு வயதுக்குமேல் சரியாகச் சாப்பிடாத குழந்தைகள் பலர், நாள் முழுக்கப் பால் குடிப்பவர்கள். "பாலாவது குடிக்கிறானே" என்று பெற்றோர் ஆறுதல்படுவார்கள். பாலில் இரும்பு இல்லாத அளவுக்குக் குறைவு, வயிற்றையும் நிறைத்துவிடும். நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பருவமடைந்த பெண் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வளரவும் செய்கிறார்கள், மாதாமாதம் இழக்கவும் செய்கிறார்கள். எடைக்குப் பயந்து சாப்பாட்டையும் தவிர்த்தால் படிப்பில் கவனம் சிதறும், விளையாட்டில் சீக்கிரம் களைப்பார்கள், வீட்டில் சோம்பேறி என்று பெயர் வாங்குவார்கள்.

கடைசியாக, குடும்பத்தில் ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவு என்று வந்தால், சாப்பாட்டை மாற்றிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அவர்களுக்கு மாதாந்தர இழப்பு கிடையாது. குடலிலோ வயிற்றிலோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வயிற்றுப்புண், மூட்டுவலிக்கு நீண்டநாள் சாப்பிடும் வலி மாத்திரை, சிலருக்குக் குடல் புற்றுநோய் ஆகியவை காரணமாக இருக்கலாம். அவரை என்னைப் போன்ற உணவு ஆலோசகரிடம் அழைத்து வருவதற்கு முன்பு குடல் இரைப்பை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரும்பு மாத்திரை போட்டு ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்றாலும் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.