ஆன்ஜைனா: தொண்டையா, நெஞ்சா?

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், மொரிஷியஸின் காத்ர் போர்னில் இருக்கும் மலைக்கோவில் படிகளில் பெரியம்மா பாதியில் நின்றுவிட்டார். கையை மடக்கி நடு மார்பில் அழுத்திக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டோம். வலி இல்லை, யாரோ பிடித்து நெரிக்கிற மாதிரி இருக்கிறது என்று கிரியோல் மொழியில் சொன்னார். உட்கார்ந்த மூன்றாம் நிமிடம் விட்டுப்போனது. மறுநாள் மருத்துவர் சொன்ன 'ஆன்ஜைனா', வீட்டுக்கு வரும்போது 'ஆன்ஜீன்' ஆகிவிட்டது. அண்ணி தொண்டைக்கு உப்பு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. மொரிஷியஸில் பிரெஞ்சு காதோடு வளர்ந்தவர்களுக்கு ஆன்ஜீன் என்றால் தொண்டை அழற்சிதான்.

இரண்டும் ஒரே சொல். லத்தீனில் 'ஆன்ஜினா' மூச்சுத் திணறவைக்கும் தொண்டை நோயின் பெயர். நெரித்தல் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இல் அந்தச் சொல்லை எடுத்து, 'மார்பின்' என்ற அடையைச் சேர்த்து, நெஞ்சு நோய்க்குப் பெயராக வைத்தார். நடக்கும்போது, அதுவும் மேடேறும்போது, சாப்பிட்ட கையோடு நடந்தால் வரும். நின்றால் போய்விடும் என்று அவர் எழுதியது பெரியம்மாவைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

தமிழில் 'நெஞ்சுவலி' என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. வலிக்கவில்லையே என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். 'நெஞ்சு நெரிப்பு' என்றால் உணர்வும் வருகிறது, மூலப் பொருளும் வருகிறது. மாரடைப்பு வேறு. அதில் ரத்தம் நின்று இதயத் தசையே சாகிறது. நெரிப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகியிருக்கிறது. சும்மா இருக்கும்போது போதும் ரத்தம், படியேறும்போது போதவில்லை.

அந்தப் போதாமைக்குப் பெயர் இஸ்கீமியா. கிரேக்கத்தில் தடுத்து நிறுத்துவது, ரத்தம் என்ற இரு சொற்களின் சேர்க்கை. இதை 'இரத்தக் குறைவு' என்று எழுதவே கூடாது. படிப்பவர் சோகை என்று நினைத்து பீட்ரூட் வாங்கப் போவார். 'குருதியோட்டக் குறை' சரி. அதில் 'ஓட்டம்' முக்கியம்.

கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். நெரிப்பு விட்ட பிறகு எடுத்த இசிஜி சுத்தமாக இருக்கலாம். அதனால்தான் நடைப்பட்டையில் (டிரெட்மில்) ஓடவிட்டு எடுக்கிறார்கள். இதயத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்தால், இசிஜி வரைபடத்தில் 'எஸ்டி' என்று குறிக்கும் பகுதி அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். இதயத் தசை சேதமானால் அதிலுள்ள ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும், ஆனால் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்புறம் சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள்: இவர்களுக்கு நெரிப்பே இல்லாமல் மூச்சிரைப்பு, வியர்வை, அசதி மட்டும் வரலாம். சர்க்கரை இத்தனை வீடுகளில் இருக்கும் இந்தத் தீவில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

உட்கார்ந்தும் சில நிமிடங்களில் விடவில்லையா, சும்மா இருக்கும்போதே வந்ததா, மொரிஷியஸின் அவசர ஆம்புலன்ஸ் சேவையான சாமு, எண் 114. கூப்பிட்டதும் 'நெஞ்சை நெரிக்கிறது' என்று சொல்லுங்கள். 'ஆன்ஜீன்' என்று சொல்லாதீர்கள்.