திருவாதிரை புள்ளியாகிப் போகுமா?

மாரி மழை ஓய்ந்த தை மாத இரவு. கல்லடிக் கடற்கரையில் நின்றபோது அயல்வீட்டு உயர்தர மாணவி கிழக்கே கடலுக்கு மேலே திருவாதிரையைக் காட்டினாள். "சேர், அந்தச் சிவப்பு வெள்ளி சுருங்கிச் சுருங்கிக் கடைசியில புள்ளியாப் போயிருமா? எங்கயும் நிக்காதா?"

"நிக்கும் மனே, பாரம் குறைவெண்டா நிக்கும்" என்றேன்.

எரிபொருள் தீர்ந்ததும் நட்சத்திரத்தின் உட்கரு உள்நோக்கி விழும். சூரியனின் 1.4 மடங்கு திணிவு வரை இலத்திரன்களின் நெருக்கமே அதைத் தாங்கிவிடும். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய இளைஞர் சந்திரசேகர் கண்ட எல்லை அது. அதற்கு மேலே, இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதல் வரை, நியூத்திரன்கள் தாங்கும். திருவாதிரை வெடிக்கையில் தன் பெரும்பகுதியை வீசிவிடுவதால், அநேகமாக அங்கேயே நின்றுவிடும்.

அதற்கும் மேல் ஏன் எதுவும் தாங்காது? எனக்கு மிகப் பிடித்த இடம் இது. நெல்லு மூட்டை சுமப்பவர் பாரம் கூடினால் இன்னும் பலமாக ஊன்றுவார். அவர் ஊன்றும் பலமே மூட்டையின் பாரத்தைக் கூட்டினால்? நியூற்றனின் விதியில் திணிவு மட்டுந்தான் ஈர்க்கும். ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் அமுக்கமும் ஈர்க்கும். நட்சத்திரத்தை விழாமல் தாங்க எழும் அமுக்கம், தாங்கவேண்டிய பாரத்தையும் ஏற்றிவிடுகிறது! சாதாரண நட்சத்திரம் ஒன்று அதே திணிவுள்ள கருந்துளையின் விளிம்பு, அதாவது ஒளியும் தப்பமுடியாத எல்லை, அதன் ஆரையைப்போல் 9/8 மடங்குக்குச் சுருங்கினால், நடுவில் தேவைப்படும் அமுக்கம் முடிவிலியாகிவிடும் என்று 1959இல் பௌதிகவியலாளர் புக்டால் காட்டினார். எவ்வளவு இறுகிய பொருளானாலும் தப்பாது. சூரியத் திணிவுக்கு அந்த ஆரை ஏறத்தாழ 3.3 கிலோமீற்றர்.

விளிம்புக்குள் போனபின், வெளிநோக்கி விட்ட ஒளியும் உள்ளேதான் குவியும். ஈர்ப்பு எப்போதும் ஈர்ப்பாகவே இருந்தால் அங்கே ஒளியின் பாதைகள் மேலே தொடராமல் அறுந்தே தீரும் என்று 1965இல் கணிதவியலாளர் பென்ரோஸ் நிறுவினார். அதற்காக அவருக்கு 2020இல் நோபல் கிடைத்தது. அந்த நிறுவலின் முதுகெலும்பு, கொல்கத்தாவின் ராய்சௌத்ரி 1955இல் வெளியிட்ட சமன்பாடு. அவர் வேலை செய்த நிறுவனம் அவரிடம் கேட்டதோ உலோக ஆய்வு. உடனடிப் பயனை மட்டும் பார்த்து ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது எவ்வளவு பெரிய பிழை!

பாதை அறுவதும், பொருள் புள்ளியாகி அடர்த்தி முடிவிலியாவதும் ஒன்றல்ல என்று 2023இல் கணிதவியலாளர் ரோய் கேர் வாதிட்டார். எனக்கோ பென்ரோஸின் நிபந்தனையில் வரும் 'எப்போதும்' என்ற சொல்லில்தான் கண். மிகச் சிறியவற்றுக்கான குவாண்டம் விதிகள் ஆளுமிடத்தில் ஈர்ப்பு தள்ளுவிசையாகலாம். விழுந்த பொருள் அங்கே திரும்பத் துள்ளும் என்பது பௌதிகவியலாளர்கள் ரொவெல்லியும் விடோட்டோவும் 2014இல் முன்வைத்த கருத்து. உள்ளே அது இமைப்பொழுதில் முடிந்துவிடும். வெளியே, கல்லடியில் நின்று பார்ப்பவர், பல நூறு கோடி ஆண்டுகளுக்கும் மிக மேலாகக் காத்திருக்க வேண்டும்.